குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்டுதல்: மூச்சைப் பார்த்து ஊட்டும் முறை

இரண்டு வாய் குடித்ததும் தூங்கிவிடுகிறது. பாலை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் கிடக்கிறது. அல்லது வேகமாக நாலு மடக்கு குடித்துவிட்டுப் புரையேறி, உதட்டைச் சுற்றி நீலம் பாய்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் காணும் இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் முறை வைத்துச் செய்ய அதற்கு இன்னும் வரவில்லை.

விழுங்கும் கணத்தில் மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு மடக்குக்கும் மூச்சு ஒரு கணம் நிற்கும். நிறைமாதக் குழந்தை நொடிக்கு ஒரு சப்பல், ஒரு விழுங்கல், இடையில் ஒரு மூச்சு என்று தாளம் பிடித்துக் குடிக்கும். குறைமாதக் குழந்தை நாலைந்து முறை மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கிவிட்டுப் பிறகு மூச்சுக்குத் தவிக்கும். அந்தத் தவிப்பின்போதும் வாயில் பால் இறங்கிக்கொண்டே இருந்தால் புரையேறும். நுரையீரலுக்குள் கொஞ்சம் போகவும் கூடும். எத்தனை மில்லி இறங்கியது என்பதைவிட, குடிக்கும்போது மூச்சு எப்படி இருந்தது என்பதையே முதலில் பாருங்கள்.

எந்த வாரத்தில் எது முடியும்

பிறந்த நாளிலிருந்து மட்டும் எண்ணாதீர்கள். கருவில் இருந்த வாரங்களையும் பிறந்தபின் கழிந்த வாரங்களையும் கூட்டுங்கள். 30 வாரத்தில் பிறந்து 3 வாரம் ஆன குழந்தைக்கு இப்போது 33 வாரம்.

32 வாரத்துக்கு முன் பெரும்பாலும் டியூப்தான், அதாவது மூக்கு அல்லது வாய் வழியாக வயிறு வரை விட்ட மெல்லிய குழாயில்தான் பால். சூப்பானை வாயில் வைத்தால் சப்பும். ஆனால் சப்புவதை விழுங்குவதோடும் மூச்சோடும் சேர்க்க வராது. 32 முதல் 34 வாரத்துக்குள் கிண்ணம், கரண்டி அல்லது பாலாடையில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கலாம். மார்பில் வைத்தால் நக்கும், சில குழந்தைகள் சிறிது குடிக்கவும் செய்யும். 34 வாரம் தாண்டியதும் பலர் மார்பிலோ பாட்டிலிலோ குடிக்கத் தொடங்குவார்கள். ஆனாலும் ஒரு வேளைப் பால் முழுவதையும் களைப்பில்லாமல் குடிக்க 36, 37 வாரம் ஆகலாம். நீண்ட நாள் வென்டிலேட்டரிலோ ஆக்சிஜனிலோ இருந்த குழந்தைக்கு இன்னும் தாமதமாகும். பக்கத்துக் கட்டில் குழந்தையோடு ஒப்பிட்டு மனம் நோவதில் பயனில்லை. ஒரே வாரத்தில் பிறந்த இரட்டையரில்கூட ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார்.

உடலமைப்பும் ஒரு காரணம். நிறைமாதக் குழந்தையின் கன்னத்துக்குள் கொழுப்புத் திண்டுகள் இருக்கும். வாய்க்குள் இழுவிசை உண்டாக அவை உதவும். குறைமாதக் குழந்தைக்கு அவை மெலிந்திருப்பதால் கன்னம் உள்வாங்கும், உதடு இறுகப் பிடிக்காது, ஓரத்தில் பால் வழியும். குழந்தை வேண்டுமென்றே துப்புகிறது என்று எண்ண வேண்டாம்.

டியூப் காலத்தில் செய்ய வேண்டியவை

டியூபில் பால் போகும் வாரங்களைச் சும்மா காத்திருக்கும் காலமாக விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு வாயால் குடிக்கப்போகும் பழக்கத்துக்கு அடித்தளம் இப்போதுதான் விழுகிறது.

முதலில் தாய்ப்பால் சுரப்பு. பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்குங்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 8 முறை, அதில் ஒரு முறையாவது நள்ளிரவில் எடுக்க வேண்டும். முதல் நாட்களில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதையும் சிரிஞ்சில் பிடித்து வையுங்கள். சீம்பாலைக் கன்னத்தின் உட்புறம் பக்கத்துக்கு 0.1 மில்லி தடவுவதைப் பல மருத்துவமனைகளில் செய்கிறார்கள். டியூபில் குடிக்கும் குழந்தைக்கும் பாலின் ருசி நாக்கில் படும்.

இரண்டாவது, தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைப்பது. மருத்துவர் அனுமதித்த நாள் முதல், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். தாயின் சுரப்பு கூடும், குழந்தையின் மூச்சும் சீராகும். தந்தையும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, டியூபில் பால் இறங்கும் அதே நேரத்தில் சூப்பானையோ, பீய்ச்சி முடித்த மார்பையோ சப்பக் கொடுங்கள். வாய் சப்பும்போது வயிறு நிறைகிறது என்ற தொடர்பு குழந்தைக்குப் பதியும். குழாய், பிளாஸ்டர், சளி உறிஞ்சும் கருவி என்று வாய்க்கு வந்ததெல்லாம் வலியாகவே இருந்த குழந்தைக்கு இதமான ஒன்றும் வாய்க்கு வருகிறது என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் நிப்பிளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால், செவிலியர் முன்னிலையில் நீங்களே பல முறை செய்து காட்டிய பிறகே கிளம்புங்கள். வரிசை இது:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டியூபில் உதட்டருகிலோ மூக்கருகிலோ இருக்கும் அளவுக்குறி முன்பிருந்த எண்ணிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.
2. சிரிஞ்சால் மெல்ல இழுத்து, வந்த திரவத்தை பி.எச். தாளில் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) சொட்டுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழ் காட்டினால் முனை வயிற்றில் இருக்கிறது. குறி நகர்ந்திருந்தாலோ, பி.எச். கூடுதலாக இருந்தாலோ பால் ஊற்றாதீர்கள்.
3. குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். நெஞ்சோடு அணைத்தபடியும் கொடுக்கலாம்.
4. டியூபைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்தண்டை எடுத்துவிட்ட சிரிஞ்சை மாட்டிப் பாலை ஊற்றுங்கள். பிறகு விடுங்கள். பால் தானாக இறங்க வேண்டும். சிரிஞ்சை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். ஒரு வேளைப் பால் 15 முதல் 30 நிமிடத்தில் இறங்கினால் போதும். தண்டை வைத்து அழுத்தி ஏற்றினால் வயிறு திடீரென உப்பி, பால் எதுக்களிக்கும்.
5. இருமினாலோ நிறம் மாறினாலோ உடனே டியூபைக் கிள்ளி நிறுத்துங்கள்.
6. முடிந்ததும், சொல்லிக்கொடுத்த அளவு தண்ணீர் விட்டு மூடுங்கள். கழற்ற நேர்ந்தால் கிள்ளியபடியே இழுங்கள். இல்லாவிட்டால் குழாயில் நிற்கும் பால் தொண்டையில் சொட்டும்.

அளவு எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. முழு அளவுப் பால் என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 180 மில்லி வரை. 1.6 கிலோ குழந்தைக்கு 160 மில்லி கணக்கில் நாளொன்றுக்கு 256 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் 12 வேளை, வேளைக்கு 21 மில்லி. அந்த இலக்கை ஒரே நாளில் எட்டுவதில்லை. கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 மில்லி என்று படிப்படியாகக் கூட்டுவார்கள். எடை ஏறும்போது அளவையும் மாற்ற வேண்டும். பழைய சீட்டில் எழுதிய 21 மில்லியையே மூன்று வாரம் கொடுத்துக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

வாயால் கொடுக்கத் தொடங்கும்போது

கடிகாரம் மணி அடித்துவிட்டது என்பதற்காக நிப்பிளை வாயில் திணிக்காதீர்கள். தயாராக இருக்கும் குழந்தை தானாகக் கண் விழிக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், கன்னத்தைத் தொட்டால் திரும்பி வாய் திறக்கும், கை கால் தளராமல் மடங்கியிருக்கும். அழும்வரை காத்திருப்பதும் தவறு. பசிக்கு அழுகை கடைசி அறிகுறி. அழுது களைத்தபின் குடிக்கச் சக்தி மிஞ்சாது.

நிப்பிளை எடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 60-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் அமைதிப்படுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். 70-ஐத் தாண்டினால் அந்த வேளை வாயால் கொடுக்க வேண்டாம். அந்த வேகத்தில் மூச்சு விடும் குழந்தைக்கு விழுங்க இடைவெளியே கிடைக்காது. நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு உள்ள குழந்தைக்கு உங்கள் மருத்துவர் வேறு வரம்பு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மார்பில் கொடுக்கும்போது, எந்த மார்போ அதற்கு எதிர்க்கையால் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். தலையின் பின்புறத்தைப் பிடித்து அழுத்தக் கூடாது. பால் பாய்ச்சல் அதிகமாக இருந்தால், முதல் பாய்ச்சலைப் பீய்ச்சி எடுத்துவிட்டுப் பிறகு வையுங்கள். சாய்ந்து அமர்ந்து குழந்தையை மேலே கிடத்தினாலும் வேகம் தணியும். காம்பைப் பிடித்து நிறுத்த முடியாமல் நழுவவிடும் குழந்தைக்கு மெல்லிய சிலிக்கான் காம்பு உறை சில வாரங்களுக்கு உதவும். எவ்வளவு குடித்தது என்று தெரிய, அதே உடை, அதே டயப்பரோடு முன்னும் பின்னும் எடை போடுங்கள். கூடிய கிராம் ஏறக்குறைய குடித்த மில்லி. இதற்கு ஓரிரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசு வேண்டும். சாதாரண வீட்டுத் தராசு பயன்படாது.

கிண்ணத்திலோ பாலாடையிலோ கொடுப்பதென்றால் குழந்தையை ஏறக்குறைய நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடியுங்கள். கிண்ணத்தின் விளிம்பு கீழுதட்டில் லேசாகத் தொட்டு, பால் உதட்டை நனைக்கும் அளவுக்கு மட்டும் சாயட்டும். குழந்தை நாக்கை நீட்டி நக்கி எடுக்கும். பாலாடையானால் அதன் மூக்கைக் குழந்தையின் வாயோரத்தில் வைத்துச் சிறிது விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. படுக்கவைத்து வாய்க்குள் ஊற்றுவதுதான் ஆபத்து. துணியில் வழிந்ததைக் குடித்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாட்டில்: ஐந்து சப்பலுக்கு ஒரு இடைவெளி

பாட்டிலில் கொடுப்பவர்கள் மிகுதியும் தடுமாறும் இடம் இது.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் நேராகத் தொண்டைக்கு ஓடும். ஒருக்களித்து வைத்துக் கொடுங்கள். மடியில் தலையணை போட்டு, தலை உங்கள் முழங்கால் பக்கம் சற்று உயர்ந்திருக்க, ஒரு காது கூரையைப் பார்க்கும்படி பக்கவாட்டில் கிடத்துங்கள். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். கைகள் முன்னால் மடங்கி வாய்க்கருகே இருக்கும்படி துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். இந்த நிலையில், விழுங்க முடியாத பால் தொண்டைக்குப் போகாமல் கன்னப்பக்கம் தேங்கி வெளியே வழிந்துவிடும்.

நிப்பிளால் மேலுதட்டைத் தொடுங்கள். வாய் திறந்து நாக்கு கீழே இறங்கியதும் வையுங்கள். பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நிப்பிளில் பாதிதான் பால் நிற்கும். அதுவே போதும். இப்போது எண்ணுங்கள்: சப்பல், விழுங்கல், சப்பல், விழுங்கல். மூன்று முதல் ஐந்து சப்பலுக்குள் குழந்தை தானாக நிறுத்தி மூச்சு விட்டால் விட்டுவிடுங்கள். நிறுத்தாமல் போனால், நிப்பிளை எடுக்காமல் பாட்டிலின் அடியை மட்டும் கீழே தாழ்த்துங்கள். நிப்பிளில் இருக்கும் பால் பின்னுக்கு வடியும். வாயில் நிப்பிள் இருக்கும், பால் வராது. குழந்தை இரண்டு மூன்று முறை மூச்சிழுத்துத் திரும்பச் சப்பத் தொடங்கியதும் பாட்டிலைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல விழுங்கலில் மெல்லிய ஒரு ‘க்’ ஓசையும், தொடர்ந்து மூச்சு வெளிவரும் ஓசையும் கேட்கும். ‘க்ளக், க்ளக்’ என்று பெரிய மடக்குகள் தொடர்ந்து கேட்டு நடுவே மூச்சோசை இல்லையென்றால் வேகம் மீறிவிட்டது. கொரகொர என்று ஈரச் சத்தம் வந்தால் பால் தொண்டையில் தேங்கியிருக்கிறது. நிப்பிளை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

நிப்பிளை எப்போதும் மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். ‘மெதுவானது’, ‘குறைமாதக் குழந்தைக்கானது’ என்று உறையில் இருப்பதை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி வேகம் வெகுவாக மாறும். மருத்துவமனையில் நன்றாகக் குடித்தது எந்த நிப்பிளோ அதையே வீட்டுக்கும் வாங்குங்கள். குழந்தை கஷ்டப்பட்டுச் சப்புகிறதே என்று ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்குவது கூடவே கூடாது. களைத்த குழந்தைக்கு வேகமான பால் உதவி செய்யாது, புரையேற்றும்.

அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதற்குப் பிறகு உள்ளே போகும் கலோரியைவிடச் செலவாவது அதிகமாகிவிடலாம். மிச்சத்தை டியூபில் கொடுங்கள். அது தோல்வி இல்லை. தூங்கிவிட்ட குழந்தையின் வாயில் நிப்பிளைச் சுழற்றுவது, தாடையை ஆட்டுவது, உள்ளங்காலைச் சுண்டுவது எல்லாம் மில்லிக்கணக்கைக் காப்பாற்றச் செய்யும் வேலைகள். திடீரெனத் தூங்கிப்போவது பல சமயம் ‘போதும், என்னால் முடியவில்லை’ என்பதன் அடையாளம்.

நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள்

மானிட்டரில் ஆக்சிஜன் எண் இறங்குவதற்கு முன்பே முகம் சொல்லிவிடும். புருவம் உயரும், கண் அகல விரியும், மூக்குத்துளை விரியும், விரல்கள் விசிறி போல் விரிந்து கை வெளியே நீளும், வாயோரம் பால் வழியும், விக்கல் வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே பாட்டிலைத் தாழ்த்துங்கள். உதட்டைச் சுற்றி வெளிறினாலோ நீலமானாலோ, உடல் துவண்டாலோ நிப்பிளை எடுத்துவிட வேண்டும்.

புரையேறிவிட்டால்: குழந்தையைக் குப்புற உங்கள் முன்கையில் கிடத்தி, தலை மார்பைவிடச் சற்றுத் தாழ, தாடையைத் தாங்கிப் பிடியுங்கள். பால் வடியட்டும், முதுகைத் தேயுங்கள். இருமவோ அழவோ முடியாமல் மூச்சு அடைத்தால், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. சரியாகவில்லை என்றால் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், பயிற்சியில் காட்டிய முறையில் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள், ஆம்புலன்சை அழைக்கச் சொல்லுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். சுயநினைவு இழந்தால் சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, வாயால் மூச்சு ஊதும் முதலுதவி) தொடங்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் வீட்டில் இருவராவது பொம்மையில் இதைப் பழகியிருக்க வேண்டும்.

புரையேறினால் இருமும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு இருமல் அனிச்சை முதிர்ந்திருக்காது. பால் குரல்வளையைத் தொட்டால் இருமுவதற்குப் பதில் மூச்சு நின்று இதயத்துடிப்பு குறையலாம். எந்தச் சத்தமும் இல்லாமல் நுரையீரலுக்குள் பால் கசியவும் கூடும். குடித்தபின் குரல் ஈரமாக ஒலிப்பது, ஒவ்வொரு வேளையும் ஆக்சிஜன் இறங்குவது, திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவை இருந்தால் விழுங்குதல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த பாலைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். எந்த நிப்பிள், எந்த நிலை பாதுகாப்பானது என்பதும் அதே சோதனையில் தெரியும். ஆகவே வீட்டில் பயன்படுத்தும் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

பாலைக் கெட்டியாக்கினால் புரையேறாது என்று யாராவது சொன்னால் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சாந்தன் கம் அடிப்படையிலான ஒரு கெட்டியாக்கியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. அதைக் குடித்த குழந்தைகள் சிலருக்குக் குடல் அழுகும் நோய் வந்திருந்தது. நிப்பிளையும் நிலையையும் மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

வீட்டில் முதல் வாரங்கள்

24 மணி நேரத்தில் 6 முதல் 8 ஈர டயப்பர், நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏற்றம். இவை சரியாக இருந்தால் ஒரு வேளை குறைந்ததற்குக் கலங்க வேண்டாம். தினமும் எடை பார்த்தால் மனம்தான் கெடும். மருத்துவர் சொன்ன இடைவெளியில், அதே தராசில் பாருங்கள். பசிக்குத் தானாக எழாத குழந்தையை, மருத்துவர் வேறு சொல்லாதவரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிட வேண்டாம்.

பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜின் உட்பகுதியில் 4 நாள் நிற்கும். மருத்துவமனை இதைவிடக் குறைவான நேரம் சொன்னால் அதுவே கணக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதித்து ஓரிடம் குளிர்ந்திருக்கும். பால்பவுடர் கிருமியற்றது அல்ல. மருத்துவர் அதைச் சொல்லியிருந்தால், கொதிக்க வைத்து 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கி, ஆறவைத்து உடனே கொடுங்கள். சத்து கூடட்டும் என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போடாதீர்கள், செலவு குறையட்டும் என்று தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம். மருந்தை முழு வேளைப் பாலில் கலக்காமல், முதலில் சிறிதளவு பாலில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பாதியில் தூங்கினால் மருந்தும் பாதிதான் போகும்.

குடித்தபின் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வையுங்கள். கொஞ்சம் கக்குவது சகஜம். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான், சமதளமான படுக்கையில். பால் கொடுக்கும்போது ஒருக்களித்து வைத்ததைத் தூக்கத்துக்கும் நீட்டிக்கக் கூடாது.

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென முகத்தைத் திருப்பி, முதுகை வில்லாக வளைத்து அழுதால், வற்புறுத்தி ஊட்டியதோ, எதுக்களிப்பின் எரிச்சலோ, வேகமான நிப்பிளோ காரணமாக இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நாளில் நிப்பிள், பால், நிலை மூன்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போகும்.

பச்சை நிற வாந்தி, வயிறு உப்பிப் பளபளத்து இறுகுவது, மலத்தில் இரத்தம், 20 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பது, நீலம் பாய்வது, தொடர்ந்து இரண்டு வேளை எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளைப் பாலைக் கொடுக்காமல், நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.